கழுதைக்கு வந்த ஆங்கிலம்

நகரப் பூங்காவுக்குச் சொந்தமாக இரண்டு இழுவை அலகுகள் இருந்தன. முதலாவது ஒரு டிராக்டர்; அது ஓடாது. இரண்டாவது ஒரு கழுதை. அது, மனம் வைத்தால், நடக்கும். உள்பாதைகளில் வேறெந்த வண்டியும் நுழைய முடியாததால், தண்ணீர் வண்டியை இழுத்துப் போய்ச் செடிகளைப் பிழைக்கவைத்தது அந்தக் கழுதைதான். அலுவலகத் தாள்களில் அதற்கு 'இழுவை அலகு இரண்டு' என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்ட வண்டிக்காரர் மட்டும் 'அம்மணி' என்று கூப்பிடுவார்.

வண்டிக்காரரின் பதவிக்கும் ஒரு பெயர் இருந்தது: 'இழுவை அலகு இரண்டின் உடனாள்'. கழுதை இருக்கிறவரை அவருக்கு வேலை இருக்கும். கழுதை போனால் அவரும் போக வேண்டியதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மணி துள்ளித் திரிந்த குட்டி. அதனால் அந்த விதியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அம்மணியின் மூக்கைச் சுற்றி வெள்ளை முடி. வண்டிக்காரரின் மீசையும் அதே நிறம்.

ஒரு நாள் ஆணையர் ஆய்வுக்கு வந்தார்.

ஆணையருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில், காரில், தொலைபேசியில் எல்லாம் நம்மைப் போலத்தான் பேசுவார். ஆய்வு என்று காரை விட்டு இறங்கிவிட்டால் மட்டும் ஆங்கிலம். அதுவும் சின்னச் சின்ன வாக்கியங்களாக, யார் முகத்தையும் பார்க்காமல், தூரத்தில் ஏதோ மரத்தைப் பார்த்துச் சொல்வார். தண்ணீர் வராத நீரூற்றைப் பார்த்தார். கால் உடைந்த பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வண்டியோடு நின்றுகொண்டிருந்த அம்மணியின் முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில், பூங்கொத்தைக் கொடுக்கச் சரியான நேரம் எது என்று தெரியாமல், அதைக் காலையிலிருந்து கையில் பிடித்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர். அம்மணி கழுத்தை நீட்டிப் பூங்கொத்தை மோந்து பார்த்தது.

ஆணையர் தூரத்து மரத்தைப் பார்த்தார். "புட் இட் டவுன்" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். தலைமை எழுத்தர் மெல்லக் கேட்டார்:

"என்ன சார் சொன்னாரு?"

"எல்லாருக்கும்தான் கேட்டுச்சே. புட் இட் டவுன்."

"அப்படின்னா?"

கண்காணிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் மேலதிகாரி சொன்னதற்கு அர்த்தம் கேட்பது, பெரியவர்கள் சாப்பிடும்போது இலையை எட்டிப் பார்ப்பதைப் போல. யாரும் செய்ததில்லை. "மீட்டிங் போடுவோம்" என்றார் கண்காணிப்பாளர்.

மீட்டிங்கில் வண்டிக்காரரும் இருந்தார். நாற்காலி இல்லாததால் கதவோரமாக நின்றிருந்தார். கால்நடை மருத்துவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் இளைஞர், புதிதாக வந்தவர், இதுவரை அவருக்கு யாரும் வேலை கொடுத்ததில்லை.

"எங்க படிப்புல இதுக்கு ஒரே அர்த்தம்தான் சார். வயசான மிருகத்துக்கு ஊசி போட்டு, வலியில்லாம அனுப்பி வைக்கிறது."

வண்டிக்காரர் ஜன்னல் வழியாக அம்மணியைப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க டாக்டர்" என்றார் தலைமை எழுத்தர். "எங்க படிப்புல அது எழுத்துல பதியறது. எதையாவது எழுதிக்கோன்னு சொல்லணும்னாலும் புட் இட் டவுன்தான். முப்பது வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"கீழ வைங்கன்னு நேரா அர்த்தம் எடுத்துக்கலாமே?" என்று யாரோ சொன்னார்கள்.

கண்காணிப்பாளர் கையை உயர்த்தினார்.

"இங்க பாருங்க. ஆணையர் ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு. அதுக்கு மூணு அர்த்தம் வருது. நாம ஒண்ண எடுத்துக்கிட்டு மத்த ரெண்டையும் விட்டா, நாளைக்கு அவர் அந்த ரெண்டுல ஒண்ணத்தான் சொன்னேன்னு சொன்னா என்ன பண்றது? என் சர்வீஸ்ல இதுவரைக்கும் எந்த முடிவும் நான் எடுத்ததில்ல. அதனாலதான் இந்த நாற்காலி வரைக்கும் வந்திருக்கேன். இப்பவும் எடுக்கப் போறதில்ல. எல்லா அர்த்தத்தையும் நிறைவேத்திடுவோம். ஒண்ணு விடாம."

"ஊசியுமா சார்?" என்றார் வண்டிக்காரர் கதவோரத்திலிருந்து.

"அதுவும்தான். ஆனா அதைக் கடைசியா வச்சுக்குவோம். முதல்ல கொன்னுட்டா மத்த அர்த்தத்தையெல்லாம் எது மேல நிறைவேத்தறது? நிர்வாகம்னா ஒரு வரிசை வேணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கண்காணிப்பாளரின் முன்யோசனையைப் பாராட்டித் தீர்மானமும் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் வண்டிக்காரர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, அவர் மனைவி கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். நகரத்தின் விளிம்பில் ஒரு நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை. நகத்திடுக்கில் எப்போதும் மண் இருக்கும்.

"இதென்னங்க கூத்தா இருக்கு? நாமகூடத்தான் 'போடு'ன்னு சொல்றோம். டீ போடுறோம், கையெழுத்துப் போடுறோம், சண்டை போடுறோம். போட்டுக் கொடுக்கிறான், போட்டுத் தள்ளுறான். இதுல யாருக்காவது குழப்பம் வருதா? டீ போடுங்கன்னு சொன்னா நீங்க என் மேல சண்டைக்கா வர்றீங்க?"

"அது வீட்டுல. வீட்டுல ஆளப் பாத்துப் பேசுறோம். அங்க மரத்தப் பாத்துல்ல பேசுறாங்க."

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிறகு அவள்தான் சொன்னாள்: "என் தம்பியப் போய்ப் பாருங்க. அவன் கடை கம்ப்யூட்டர்ல அகராதி இருக்கு. எல்லா அர்த்தத்தையும் செஞ்சு முடிச்சப்புறம்தானே ஊசி? அப்ப அர்த்தம் கூடக் கூட நல்லதுதானே?"

வண்டிக்காரர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார்.

மச்சான் நகல் எடுக்கும் கடை வைத்திருந்தான். நாள் முழுக்க ஊராருடைய சான்றிதழ்களை நகல் எடுத்து எடுத்து, தானும் பாதி படித்தவனாகிவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

"மாமா, கவலையே படாதீங்க. இது வார்த்தையா, பலசரக்குக் கடை. குழந்தையத் தூங்க வைக்கிறதும் இதுதான். ஒருத்தன மட்டம் தட்டிப் பேசுறதும் இதுதான். கலவரத்த அடக்குறதும் இதுதான். விமானம் தரை இறங்குறதுகூட இதுலதான் வருது."

"ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தை."

"இத்தனையும் ஒரே வார்த்தையில சொல்றவங்க எப்படிடா ஊரையெல்லாம் ஆண்டாங்க?"

"யாருக்கும் புரியாம ஆண்டிருப்பாங்க மாமா. மொத்தமா கொடுத்துடாதீங்க. ஒண்ணொண்ணா எடுத்து விடுங்க."

மறுநாளே பணி தொடங்கியது. எழுதுவது எளிது என்பதால் தலைமை எழுத்தர் முந்திக்கொண்டார். அம்மணியைத் தன் மேசைக்கு வரவழைத்தார். பெயர், பாலினம், நிறம் வரை தடங்கல் இல்லை. 'தகப்பனார் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றது. கோடு போட்டுவிடலாம் என்றார் வண்டிக்காரர். கோடு போட்டால் மறைத்ததாக ஆகும் என்றார் எழுத்தர். கடைசியில் 'கழுதை' என்று எழுதினார். அது அவருடைய அலுவலக வாழ்க்கையில் எழுதிய ஒரே சரிபார்க்கப்பட்ட உண்மையாக இருக்கலாம்.

அடுத்தது கீழே வைப்பது. இதில் ஒரு சிக்கல். அம்மணி ஏற்கெனவே கீழேதான் இருந்தது. கீழே இருப்பதை எப்படிக் கீழே வைப்பது? முதலில் மேலே ஏற்ற வேண்டும் என்று முடிவானது. பூங்காவின் நடுவில் இசை மேடை ஒன்று இருந்தது, ஆளுயரம். அம்மணியைப் படி வழியாக மேலே அழைத்தார்கள். அது ஏதோ காலங்காலமாகக் கச்சேரி செய்தது போல விறுவிறுவென்று ஏறி, மேடை நடுவில் நின்றுகொண்டது. இறங்க மட்டும் மாட்டேன் என்றது. பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்னாலிருந்து இழுத்தார்கள். பூங்காவுக்கு நடக்க வந்தவர்கள் கூடி, நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று கேட்டார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தும் விட்டார்கள்.

மூன்று மணி வாக்கில் அதிகாரிகள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அம்மணி தானாக இறங்கி வந்து வண்டிக்காரர் பக்கத்தில் நின்றது.

"ஐயோ, கெடுத்துட்டியே!" என்றார் திரும்பி வந்த தலைமை எழுத்தர். "தானா இறங்கினா எப்படி? நாம இறக்கி வச்சதா எப்படிக் கணக்குல காட்டறது?"

மறுபடி ஏற்றினார்கள். இப்படியே அந்த அர்த்தம் மட்டும் ஒரு வாரம் ஓடியது. வண்டிக்காரர் மனசுக்குள் அம்மணியைக் கொஞ்சினார்.

மட்டம் தட்டிப் பேசும் அர்த்தத்தை அவர் எடுத்து விட்டபோது அலுவலகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. இதற்கு எல்லோரும் தகுதியானவர்கள். ஒவ்வொருவராக வரிசையில் வந்து அம்மணியை அவமதிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தோட்ட மேற்பார்வையாளர் முதலில் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "சீ, கழுதை!" என்றார்.

"செல்லாது" என்றார் தலைமை எழுத்தர்.

"ஏன் சார்?"

"இது கழுதைதானே? இருக்கிறதச் சொன்னா அது எப்படி அவமானம்? போன வாரம்தான் நானே எழுதிப் பதிஞ்சிருக்கேன்."

மேற்பார்வையாளர் தடுமாறிப்போனார். அவருக்குத் தெரிந்த திட்டு அது ஒன்றுதான். எருமை என்று சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டார். எருமைகள் வேறு துறையின் கீழ் வருவதால் அதற்கும் அனுமதி இல்லை. மற்றவர்களும் ஆளுக்கொன்று முயன்றார்கள். சோம்பேறி, தண்டம், உருப்படாதது. அம்மணி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தனை பெரிய காதுகள் இருந்தும்.

கடைசியாகக் கண்காணிப்பாளர் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாருய்யா உனக்கெல்லாம் வேலை கொடுத்தது?" என்று மெதுவாக ஆரம்பித்தார். "உன் மூஞ்சிக்கு இந்த இடமே அதிகம். சொன்னதச் செய்யத் தெரியுதா? செஞ்சதச் சொல்லத் தெரியுதா? நாலு பேர் இருக்கிற இடத்துல வந்து நிக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? உன்னைவிடச் சின்னவனெல்லாம் மேல போயிட்டான், நீ இன்னும் இங்கயே கிடக்கிற. வாயத் திறக்காத! ஒரு வார்த்தை பேசாத! போ, கண்ணு முன்னால நிக்காத!"

அவர் குரல் நடுங்கிக்கொண்டே உயர்ந்தது. கடைசி வாக்கியத்தில் கண்களில் தண்ணீர். யாரும் கைதட்டவில்லை. அவை எல்லாம் புதிதாக யோசித்துச் சொன்னவை அல்ல, ஒவ்வொரு ஆணையரிடமும் நின்று வாங்கிச் சேர்த்துவைத்தவை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வண்டிக்காரருக்கே அவர் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

கண்காணிப்பாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

"இது ஒரு தடவை செஞ்சாப் போதுமா?" என்று தலைமை எழுத்தரிடம் கேட்டார். "நாளைக்கும் செய்யலாம்ல?"

நான்கு நாள் செய்தார்.

குழந்தையைத் தூங்கவைக்கும் அர்த்தத்துக்கு, நல்ல குரல் என்று பெயர் வாங்கிய தட்டச்சரம்மா தாலாட்டுப் பாடினார். மதிய வெயில், மர நிழல், இழுத்து இழுத்துப் பாட்டு. சாட்சிக்கு வந்த கண்காணிப்பாளர் முதல் அடியிலேயே தூங்கிவிட்டார். தலைமை எழுத்தர் இரண்டாவது அடியில். அம்மணி கடைசிவரை கண் கொட்டாமல் கேட்டது. பாட்டு முடிந்ததும் வண்டிக்காரர்தான் எல்லோரையும் எழுப்பிவிட வேண்டியிருந்தது.

கலவரத்தை அடக்க, முதலில் கலவரம் வேண்டும். காவலாளிகள் தடியோடு வந்து அம்மணியைச் சுற்றி நின்றார்கள். அம்மணி புல் மேய்ந்தது. "கலகம் பண்ணச் சொல்லுங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னார்கள். அவர் சொன்னார். அது செவிசாய்க்கவில்லை. உத்தரவு போட்டும் கலகம் செய்ய மறுப்பது உத்தரவை மீறுவதாகும், உத்தரவை மீறுவதுதான் கலகம் என்று தலைமை எழுத்தர் ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, காவலாளிகள் விசில் ஊதி, கலகம் அடக்கப்பட்டதாக அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள். விமானமாகத் தரையிறக்கும் அர்த்தம், நிதி இல்லாததால் தாளில் மட்டும் நிறைவேற்றப்பட்டது.

இதற்கிடையே கால்நடை மருத்துவர் தினமும் காலையில் வந்து அம்மணியின் கழுத்தை நீவிவிட்டுப் போனார். அன்பாகத்தான் நீவினார். ஊசி இறங்க வேண்டிய இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார் என்பது வண்டிக்காரருக்குப் பிறகுதான் புரிந்தது.

"இன்னும் எத்தனை அர்த்தம் பாக்கி?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஏன் சார் கேக்குறீங்க?"

"மருந்து வாங்கிட்டேன். வச்சிருந்தா வீணாப் போயிடும். மேலருந்து கேள்வி வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இது மேல ஒண்ணும் கோவம் இல்லங்க. ஆனா வேலையில சேந்து இது ஒண்ணுதான் எனக்குன்னு வந்திருக்கு."

அன்று மச்சானின் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. "முடிஞ்சுது மாமா. ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு, அது சரிப்பட்டு வராது. நீங்க நேரா ஆணையர்கிட்டயே போய் என்ன சொன்னீங்கன்னு கேட்டுடுங்க."

வண்டிக்காரர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆணையர் அலுவலகத்துக்குப் போனார். வாசலில் இருந்த உதவியாளர், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அர்த்தம் கேட்க என்றார் இவர். உதவியாளர் சிரித்தார். பதினைந்து வருஷமாக அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சம்பள உயர்வு கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார், மாற்றல் கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார், அர்த்தம் கேட்டு யாரும் வந்ததில்லை. அந்த வேடிக்கைக்காகவே உள்ளே விட்டார்.

ஆணையர் ஆய்வுக்கு இறங்காத நேரங்களில் சாதாரண மனிதராகவே இருந்தார். உட்காரச் சொன்னார்.

"சார், பூங்காவுக்கு வந்தப்ப கழுதையப் பாத்து 'புட் இட் டவுன்'னு சொன்னீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு..."

"நான் சொன்னேனா? எந்த மொழியில?"

"இங்கிலீஷ்ல சார்."

"அப்ப யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன்."

வண்டிக்காரர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். "அர்த்தம் மட்டும் சொன்னீங்கன்னா..."

ஆணையர் நாற்காலியில் சாய்ந்தார். பொறுமையாகச் சொன்னார்.

"இங்க பாருப்பா. சொல்றது என் வேலை. அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறது கீழ இருக்கிறவங்க வேலை. ரெண்டையும் நானே செஞ்சா அவங்களுக்கெல்லாம் எதுக்குச் சம்பளம்? எனக்கு மேல இருக்கிறவர் என்கிட்ட தினம் ஏதோ சொல்றாரு. அர்த்தம் கேட்டிருந்தா நான் இங்க வந்திருப்பேனா?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த நீரூற்று ஏன் ஓடல? பெஞ்செல்லாம் ஏன் உடைஞ்சு கிடக்கு? அதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டு ஒரு கடிதம் போட்டிருக்கேனே, கண்காணிப்பாளர் பதிலே போடல. அவரப் போடச் சொல்லு."

வண்டிக்காரர் வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மச்சான் சரிப்பட்டு வராது என்று சொன்ன அந்த ஒரே ஒரு அர்த்தம் என்னவென்று கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. நேராகக் கடைக்குப் போய்க் கேட்டார். மச்சான் சொன்னான். சரிப்பட்டு வருகிறதோ இல்லையோ, ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று இவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில்தான் மறுநாள் அதைக் கண்காணிப்பாளர் காதில் போட்டார்.

"சார், இன்னொரு அர்த்தம் இருக்காம். ஏதாவது தப்பு நடந்தா, அதுக்கு இதுதான் காரணம்னு ஒண்ணு தலையில கட்டுறது. அதையும் புட் டவுன்னுதான் சொல்வாங்களாம்."

"அதுக்குப் பின்னால 'டூ' வரணும்" என்றார் தலைமை எழுத்தர். "ஆணையர் 'டூ' சொல்லலையே."

கண்காணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் மேசையில் ஆணையரின் கடிதம் பல நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது. நீரூற்றைப் பழுதுபார்க்காமலே பழுதுபார்த்ததாகக் கணக்குக் காட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். அது அவர்தான்.

"சொல்லியிருப்பாரு" என்றார். "கார் கதவு சாத்துற சத்தத்துல அந்த 'டூ' நமக்குக் கேக்காம போயிருக்கும்."

அன்றிலிருந்து அலுவலகத்துக்கு விடிவுகாலம். நீரூற்று ஓடாததற்குக் காரணம், இழுவை அலகு இரண்டு. பெஞ்சுகள் உடைந்ததற்கும் அதுவே, எட்டி உதைத்திருக்கிறது. டிராக்டர் ஓடாதது, கழுதையைப் பார்த்து மனம் தளர்ந்ததால். வாங்காத ரோஜாச் செடிகள் காணாமல் போனது, அது மேய்ந்ததால். தலைமை எழுத்தர் தாமதமாக வருவது, வழியில் அது நின்றிருந்ததால். மற்றப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தெருவிளக்குப் பிரிவுக்காரர் ஒருவர் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்து, தங்களுடைய இரண்டு தெருக்களின் இருட்டையும் இதன் பேரில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தயவாகக் கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள்.

வண்டிக்காரருக்குத் தாங்கவில்லை. "சார், அது தண்ணி வண்டி இழுக்கிற கழுதை சார். தெருவிளக்கு அணைஞ்சதுக்கு அது என்ன சார் பண்ணும்?"

"அதுவே ஒண்ணும் சொல்லலையே. உங்களுக்கு என்ன?" என்றார் கண்காணிப்பாளர். "இவ்வளவு நாள் இந்த ஆபீஸ்ல பொறுப்பு ஏத்துக்க ஓர் ஆள் இல்லாம நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

மருத்துவர் ஊசியோடு வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் பொறுப்பானவரை விசாரணை முடியும் முன் கொன்றால் சந்தேகம் வரும்.

விசாரணை இசை மேடையில் நடந்தது. அம்மணி மேலே நின்றது. தலைமை எழுத்தர் குற்றச்சாட்டுகளை வாசித்தார். வாசிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு, உன் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டார். அம்மணி வாலை ஆட்டி ஈயை ஓட்டியது.

"மௌனம்" என்று எழுதினார் எழுத்தர். "குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிறது."

வண்டிக்காரர் கூட்டத்தில் நின்று, தன் தலைவிதியை நொந்துகொண்டார். அம்மணிக்கு ஒரு வாரம் வாங்கித் தருகிறேன் என்று போய், ஊரில் உள்ள பழியையெல்லாம் அதன் முதுகில் ஏற்றியது தான்தானே என்று நெஞ்சை அறுத்தது. கண்காணிப்பாளர் தீர்ப்பு வாசிக்க எழுந்தார்.

"இழுவை அலகு இரண்டு, தன் பொறுப்புகளில் தவறி, இந்த நிறுவனத்துக்கு ஈடுசெய்ய முடியாத களங்கத்தை ஏற்படுத்திவிட்டது. அதன் நீண்ட காலச் சேவையைக் கருதி வேறு நடவடிக்கை எடுக்காமல், இன்று முதல் அதைப் பணியிலிருந்து நீக்குகிறோம்."

கூட்டம் கலைவதற்குள் மருத்துவர் கையில் பெட்டியோடு மேடை ஏறினார். முகம் மலர்ந்திருந்தது. "அப்ப விசாரணை முடிஞ்சுது. இனி நான் ஆரம்பிக்கலாம்ல சார்?"

கண்காணிப்பாளர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். இருவரும் காதோடு காதாக ரொம்ப நேரம் பேசினார்கள். வண்டிக்காரர் அம்மணியின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முடியாதே டாக்டர்" என்றார் கண்காணிப்பாளர் கடைசியில். "ஆணையர் சொன்னது நம்ம அலகப் பத்தி. இது இப்ப நம்ம அலகு இல்ல. வேலைய விட்டு நீக்கியாச்சு. வெளியாள் மேல கை வைக்க நமக்கு ஏது அதிகாரம்?"

"அப்ப என் மருந்து?"

"அது வீணாப் போச்சுன்னா அதையும் கழுதை பேர்லயே எழுதிடுங்க. ஆனா நேத்துத் தேதி போட்டு எழுதுங்க."

மருத்துவர் பெட்டியை மூடினார். வண்டிக்காரருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. "அப்ப நான் கூட்டிட்டுப் போகலாமா சார்?" என்று கேட்டார்.

"வெளியாள் பூங்காவுக்குள்ள நிக்கவே கூடாது. உடனே கூட்டிட்டுப் போங்க. ஒரு நிமிஷம்." கண்காணிப்பாளர் குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "அலகு இல்லன்னா உடனாள் பதவியும் இருக்காது. ஆனா நாங்க கைவிட மாட்டோம். செடிக்குத் தண்ணி போகணும்ல? புது அலகு வர்றவரைக்கும் இழுவை அலகு இரண்டோட பொறுப்பை நீங்களே கூடுதலா ஏத்துக்கிட்டுப் பாத்துக்குங்க. சேணத்த உங்க தோளுக்குத் தக்கபடி தைச்சுக் கொடுக்கச் சொல்றேன்."

வேலை போகவில்லை என்று வண்டிக்காரர் ஒரு கணம் சந்தோஷப்பட்டதும் உண்மைதான். இத்தனை வருஷப் பழக்கம் அப்படி. பிறகு தலைமை எழுத்தர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். தெருவிளக்குப் பிரிவுக்காரர் இன்னும் போகாமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த முறை தன்னை அம்மணியைப் பார்த்த மாதிரியே தயவாகப் பார்ப்பதைக் கவனித்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

அந்த அலுவலகத்தில் ஒரு உடனாள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்காணிப்பாளர் அதற்கு என்ன அர்த்தம் என்று தலைமை எழுத்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வண்டிக்காரர் அம்மணியை ஓட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். அம்மணி படியிறங்க ஒரு முறைகூட அடம்பிடிக்கவில்லை.

வீட்டில் இடமில்லை. நேராக மனைவி வேலை செய்யும் நாற்றுப் பண்ணைக்குப் போனார். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வேலை போய்விட்டது, போகவும் இல்லை, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எப்படிச் சொன்னாலும் சரியாக வரவில்லை. மனைவி வேலியோரம் நின்று தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். பண்ணை முதலாளி பக்கத்தில் நின்று அம்மணியின் கால்களையும் பற்களையும் பார்த்தார். பாத்திகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடி வழிகளைப் பார்த்தார். மறுபடி அம்மணியைப் பார்த்தார்.

"தொட்டி சுமக்குமா?"

"சுமக்குங்க" என்றாள் மனைவி. "மனசு வந்தா."

"சரி, நாளையிலருந்து வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வண்டிக்காரர் மனைவி பக்கத்தில் ஒரு கவிழ்த்த தொட்டி மேல் உட்கார்ந்தார். அம்மணி புதுப் புல்லில் வாய் வைத்தது. அவர் நடந்ததையெல்லாம் ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அவள் கை மண்ணைத் தட்டிவிட்டு, அவரைத் தீர்க்கமாகப் பார்த்தாள்.

"அவளுக்கு வேலை கிடைச்சாச்சு" என்றாள். "உங்களுக்குத்தான் பாக்கணும்."